பாண்டியனின் பாதி நம்பிக்கை

வைகாசிப் பொங்கலுக்கு நெடுங்கேணியிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலுக்குப் போகிற சனத்துக்குக் கண்ணகி கதையின் முடிவு தெரியும். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலில் கடல்நீரில் விளக்கெரியும்போதோ, முல்லைமோடிப் பாணியில் கோவலன் கூத்து ஆடும்போதோ, மதுரை எரியுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. எரியும் என்று முன்பே சொன்னவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எரிந்திருக்குமா என்பதுதான் கேட்கவேண்டியது.

அசரீரி, சாபம், சாத்திரம் என்று எந்த வடிவில் வந்தாலும் முன்னறிவிப்பு வருகிற கதைகளை இந்தக் கேள்வியால் உரசிப் பார்க்கலாம். மட்டக்களப்பில் அம்மனின் குளிர்த்திச் சடங்குக் காலத்தில் படிக்கப்படும் கண்ணகி வழக்குரையில், அம்மன் பாண்டியனின் மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். இந்தப் பிள்ளையால் மதுரைக்கு அழிவு என்கிறார்கள் சாத்திரம் பார்த்தவர்கள். அரசன் பிள்ளையைப் பேழைக்குள் வைத்து நீரில் விட்டுவிடுகிறான். பேழை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கைக்குப் போகிறது. அங்கே வளர்ந்தவள் கோவலனை மணந்து, சிலம்போடு மதுரைக்கே திரும்பி வருகிறாள். அரண்மனையில் வளர்ந்திருந்தால் அவளுக்குச் சிலம்பு விற்கிற நிலை வந்திருக்குமா? அரசன் தடுக்கப் போட்ட வழியே சாத்திரம் நடந்துவந்த வழி.

பாண்டியன் சாத்திரத்தை முழுதாக நம்பியிருந்தால், எது செய்தும் பயனில்லை என்று சும்மா இருந்திருப்பான். நம்பாவிட்டால் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்திருப்பான். அழிவு வரும் என்பதை நம்பி, அது வந்தே தீரும் என்பதை நம்பாத பாதி நம்பிக்கைதான் பேழையை நீரில் விட்டது. கிரேக்கத்து ஒடிப்பசின் தகப்பனும், தன்னைக் கொல்வான் என்று குறி சொல்லப்பட்ட பிள்ளையை மலையில் போடச் சொன்னது இதே மனநிலையில்.

இளங்கோவின் சிலப்பதிகாரத்தில் இந்த மாங்கனியும் இல்லை, பேழையும் இல்லை. அங்கே கண்ணகி மாநாய்கனின் மகள். ஆடி மாதத்துத் தேய்பிறை அட்டமியில், ஒரு வெள்ளிக்கிழமை, மதுரை எரியும் என்று முன்பே ஒரு சொல் இருந்ததாக மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. எப்போது? ஊர் எரியத் தொடங்கிய பிறகு. பாண்டியன் நெடுஞ்செழியன் அதைக் கேட்டதாகக் காப்பியத்தில் இல்லை. அதனால் அந்தச் சொல் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. அதை எடுத்துக் கதையின் தொடக்கத்தில் வைத்து, அரசன் காதில் போட்டது வழக்குரை. இதை நாட்டார் மிகைப்படுத்தல் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கதை கட்டுவதில் இது கெட்டிக்கார வேலை.

இளங்கோ தம்மைப் பற்றிய குறியையும் காப்பியத்துக்குள் வைத்திருக்கிறார். அரசாளும் இலக்கணம் இளையவனுக்கே என்று நிமித்திகன் சொன்னான். மூத்தவன் செங்குட்டுவன் மனம் நோகாதபடி தம்பி துறவு பூண்டார். அப்படியானால் குறி பொய்த்ததா? வரந்தரு காதையில் தோழி தேவந்தியின்மேல் வந்து பேசும் கண்ணகி, அவரை முடிவில்லாத இன்பத்தை ஆளும் அரசராக்கிவிடுகிறாள். நாடு மாறினாலும் அரசாட்சி நிலைத்தது! இங்கே எனக்குச் சற்று ஏமாற்றம்தான். எந்தப் பொருளையும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்றால் எந்தக் குறிதான் பொய்க்கும்?

மதுராவை ஆண்ட கம்சனுக்கு வந்த சிக்கல் எண்ணிக்கையில். தங்கை தேவகியின் எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும் என்றது அசரீரி. அவளைச் சிறையில் வைத்துப் பிறந்த பிள்ளைகளைக் கொன்றான். அப்படியென்றால் மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? நாரதர் தாமரை இதழ்களைக் காட்டி, எங்கே எண்ணத் தொடங்குகிறாய் என்பதைப் பொறுத்து எதுவும் எட்டாவதாகும் என்று குழப்பியதாகக் கதாப்பிரசங்கங்களில் சொல்வார்கள். ஏழாவது கரு ரோகிணி வயிற்றுக்கு மாறியதும் கணக்கு மேலும் சிக்கலாகிறது. கலைந்துபோனதாகக் கம்சன் நினைத்த அந்தக் கருவையும் சேர்த்தால்தான் கண்ணன் எட்டாவது.

2003இல் வெளிவந்த ஐந்தாவது ஹரி பொட்டர் நாவலில் ஜே. கே. ரௌலிங் இதே முடிச்சை வேறு கையால் போடுகிறார். கொடிய மந்திரவாதி வோல்டமோர்ட்டை வீழ்த்தக்கூடியவன் பிறப்பான் என்று குறிசொல்லும் ட்ரிலோனியின் வாக்கு, யூலை முடிவில் பிறந்த ஹரி, நெவில் என்ற இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஒட்டுக்கேட்டவன் முன்பாதியை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்க, வோல்டமோர்ட் நெவிலை விட்டு ஹரியைத் தேர்ந்து தாக்குகிறான். தாக்கியதால்தான் ஹரி அவனுக்கு ஈடான எதிரியாகிறான். பாண்டியனுக்குப் பாதி நம்பிக்கை என்றால் இவனுக்குப் பாதிச் செய்தி. வாக்கை அவன் பொருட்படுத்தியதே அதற்குப் பலம் கொடுத்தது என்று அடுத்த நாவலில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹரிக்கு விளக்குவது, மதுரைக்கும் மதுராவுக்கும் சேர்த்துச் சொன்னதுபோல இருக்கிறது.

தடுக்கப்போய் வரவழைக்கும் இந்தக் கணக்குக்குள் அடங்காதவர் தசரதர். கண்ணில்லாத முனிவரின் மகனைத் தவறாக எய்து கொன்றபோது, நீயும் மகனைப் பிரிந்து சாவாய் என்ற சாபம் கிடைக்கிறது. அன்று அவருக்குப் பிள்ளை இல்லை. மகனைப் பிரிய வேண்டுமென்றால் முதலில் மகன் பிறக்க வேண்டுமே! சாபத்துக்குள் ஒளிந்திருந்த வரத்தைக் கண்டு மகிழ்ந்து திரும்பினேன் என்று கம்பனின் தசரதர் கோசலையிடம் சொல்கிறார். அவர் அதைத் தடுக்கப் பேழையும் செய்யவில்லை, சிறையும் கட்டவில்லை. சாபமே இல்லாவிட்டாலும் கைகேயியின் இரண்டு வரங்கள் போதும் அவர் உயிரை எடுக்க.