சான்றிதழ் வந்துவிட்டது, கணினி வந்ததா?

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்று அங்கே வரும் மனுக்களில் பல, கம்ப்யூட்டர் சென்டரில் காசு கொடுத்து அடித்து வாங்கியவை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அது உதவிதான். ஆனால் கணினிச் சான்றிதழ் பெற்ற பிள்ளைகளும் ஒரு விண்ணப்பம் போட அதே சென்டரில் காத்திருக்கிறார்கள். நம் தொடக்கநிலைக் கணினிப் பயிற்சியை எடைபோட வேண்டிய இடம் இது.

சிறு நகரங்களில் இந்தப் பயிற்சிக்குப் பழகிய வழி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். தட்டச்சில் லோயர், ஹையர் நிலைகளை முடித்ததும் சி.ஓ.ஏ. எனும் அலுவலகக் கணினிப் பயிற்சித் தேர்வு. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இத்தேர்வு அரசுத் தட்டச்சர் பணிக்குத் தேவைப்படுவதால் கிராமத்துப் பெண்கள் நிறையப் பேர் சேர்கிறார்கள். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதிகக் கட்டணம் இல்லை, வீட்டுக்குப் பக்கம், நாள் தவறாத பயிற்சி. விசைப்பலகையைப் பார்க்காமல் அடிக்கும் விரல்களை நம் மாநிலத்துக்குத் தந்தவை இந்த இன்ஸ்டிடியூட்டுகள்தான்.

குறை, பாடம் தொடங்கும் விதத்தில் இருக்கிறது. வெற்றிடக் குழாய் முதல் தலைமுறை, டிரான்சிஸ்டர் இரண்டாம் தலைமுறை என்று மனப்பாடம் ஆரம்பமாகிறது. 1024 பைட் ஒரு கிலோபைட் என்று தேர்வில் சரியாக எழுதும் மாணவி, தன் புகைப்படத்தை 50 கேபிக்குள் சுருக்கச் சொல்லும் விண்ணப்பத்தின் முன் திகைத்து நிற்கிறாள். கோட்பாடு வீண் என்று நான் சொல்லவில்லை. ரேமில் இருப்பது மின்சாரம் போனால் போய்விடும், வட்டில் சேமித்தது நிற்கும் என்பதை அறிந்தவர், சேமிக்காமல் எழுந்து போக மாட்டார். அந்தப் பாடத்தை ஒரு கோப்பைச் சேமித்து, மூடி, மறுபடி தேடி எடுக்கும் வேளையில் சொல்லித்தர வேண்டும். தனியே சொன்னால் அது தேர்வறையோடு நின்றுவிடுகிறது.

பாடத்துக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான இந்தப் பிளவு தமிழ் உள்ளீட்டில் இன்னும் ஆழம். தட்டச்சு இயந்திரத்தில் பழகிய விரல் ‘கொ’ அடிக்க முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று போகும். யூனிகோடு எனும் பொதுக் குறியீட்டு முறை சேமிப்பது க, அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் அ, ம, ம, ஆ என்று தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும்; புள்ளியை மென்பொருளே வைக்கும். இத்தனை எளிய முறையை முறையாகச் சொல்லித்தரும் மையங்கள் குறைவு. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த மனு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் திறக்கும், தேடினாலும் கிடைக்காது. 2010இல் அரசு யூனிகோடை ஏற்றது. அது வகுப்பறைக்கு வந்து சேர இவ்வளவு காலம் எடுப்பது எனக்கு வேதனை தருகிறது.

இன்ஸ்டிடியூட் முறைக்கு நேர்மாறான முயற்சியும் நடந்தது. ஒன்றிய அரசு 2017இல் தொடங்கிய கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம் 6 கோடி பேரை இலக்காக வைத்தது. கருவியை இயக்குதல், இணையத்தில் தேடுதல், மின்னஞ்சல், பணப் பரிமாற்றம் என்று பாடங்கள் வாழ்க்கையை ஒட்டியே அமைந்தன. ஆனால் பயிற்சி நேரம் மொத்தம் 20 மணிதான். சுட்டியைப் பிடிக்கக் கை பழகுவதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. அங்கே பாடம் சரி, பழக்கம் போதவில்லை. இன்ஸ்டிடியூட்டில் பழக்கம் உண்டு, பாடம் வாழ்க்கையை விட்டு விலகி நிற்கிறது. பணப் பரிமாற்றத்தின்போது வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்ற எச்சரிக்கைக்கு இன்ஸ்டிடியூட் வகுப்பிலும் முழுதாக ஒரு நாள் ஒதுக்கியாக வேண்டும். அறியாதவர் இழப்பது கைக்காசு.

என் முடிவு, இன்ஸ்டிடியூட் முறையைக் கைவிடக் கூடாது என்பதே. பயிற்றுநர்கள் தேர்வை ஒட்டித்தான் நடத்துவார்கள்; அது அவர்கள் தவறல்ல. ஆகவே செய்முறைத் தேர்வு மாற வேண்டும். தமிழில் ஒரு மனுவை யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆக்கி, சொன்ன அளவுக்குள் புகைப்படத்தைச் சுருக்கி, இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்பிக் காட்டுபவருக்கே சான்றிதழ் தரட்டும் இயக்ககம்.