உஷ்ணமும் மின்சாரமும்: வீட்டு டீசல் எஞ்சின் பற்றி ஒரு மதிப்பீடு

டீசல் எண்ணெய் ஒரு லிட்டரில் அடங்கியுள்ள சக்தியை வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 10 யூனிட் ஆகும். அந்த ஒரு லிட்டரைச் சிறிய எஞ்சின் ஒன்றில் எரித்து ஜெனரேட்டரைச் சுழற்றினால் கம்பி வழியே வந்து சேருவது 3 யூனிட். மற்ற ஏழும், சிலிண்டரைச் சுற்றி ஓடும் நீரிலும், சைலன்சர் வழியே சீறிப் போகும் புகையிலும், இரும்பு உடம்பிலிருந்து பரவும் அனலிலுமாகக் கரைந்து போகின்றன. நம் கிணற்று மேடுகளில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்கு அந்த ஏழும் தொல்லை. அதைத் தொலைப்பதற்கென்றே அருகில் ஒரு தொட்டி கட்டி வைக்கிறோம். அதே எஞ்சினை அலாஸ்காவிலோ, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்திலோ, ஆண்டில் ஏறக்குறைய பாதிக்காலம் செயற்கை அனல் இல்லாமல் மனிதர் வீட்டுக்குள் வாழ இயலாத எந்தப் பிரதேசத்திலோ வைத்துப் பார்த்தால், நாம் தொல்லை என்று தள்ளியதையே அங்குள்ளவர் பணம் கொடுத்து வாங்குகிறார்கள் என்பது விளங்கும். எஞ்சினையே வீட்டின் நிலவறையில் நிறுத்தி, மின்சாரத்தையும் உஷ்ணத்தையும் ஒருங்கே பெற்றுக்கொண்டால் என்ன என்ற யோசனை அவர்களுக்குத் தோன்றியது ஆச்சரியமன்று. அந்த யோசனை எவ்வளவு தூரம் நியாயமானது, எந்த இடத்தில் அது இடறுகிறது என்பதே நம் விசாரணை.

யோசனை புதிதன்று. குளிர்நாட்டில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் காரும் தன் எஞ்சினின் வீண் உஷ்ணத்தைக் கொண்டே உள்ளிருப்போரைக் காக்கிறது. இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் வாழ்வோர் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைக் கொண்டே குளிக்கும் நீரைச் சுடவைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கென இதை ஒரு சாதனமாக அமைத்தவர்களுள் முன்னோடி என்று இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தைச் சொல்லலாம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், அங்கு பணியாற்றிய மாரியோ பலாட்செத்தி என்ற பொறியியலர், ஃபியட் 127 என்னும் சிறு காரின் எஞ்சினையே எடுத்து, 15 கிலோவாட் மின்சாரமும் அதன் இரு மடங்குக்கு மேற்பட்ட உஷ்ணமும் தரும் 'டோட்டெம்' என்ற பெட்டியை வகுத்தார். பின்னர் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரிலிருந்து ஒற்றைச் சிலிண்டர் கொண்ட 'டாக்ஸ்' என்ற யந்திரம் வந்தது. அதன் எண்ணெய் வகை 5 கிலோவாட்டுக்குச் சற்று மேற்பட்ட மின்சாரத்தையும் அதன் இரு மடங்கு உஷ்ணத்தையும் ஒரு வீட்டுக்கோ சிறு விடுதிக்கோ தருவது.

டீசல்மீது வீட்டுக்காரனுக்குத் தனி ஆசை பிறப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டை உஷ்ணப்படுத்தும் எண்ணெய் என்று அந்நாடுகளில் விற்கப்படுவது சாராம்சத்தில் டீசலேதான். வேறுபாடு வரியிலும், வரி ஏய்ப்பைக் கண்டுபிடிப்பதற்காகக் கலக்கப்படும் சாயத்திலுமே பெரும்பாலும் உள்ளது. ஜெர்மனியில் வண்டிக்கு ஊற்றும் டீசலுக்கு லிட்டருக்கு 47 சென்ட் வரியென்றால், வீட்டுத் தொட்டிக்கு வரும் எண்ணெய்க்கு அது 6 சென்ட் அளவே. எனவே எரிபொருள் ஏற்கனவே நிலவறையில் வந்து நிற்கிறது. பாய்லரின் பர்னரில் வெறும் சுவாலையாக எரிந்து போவதை எஞ்சினில் எரித்து, போகிற வழியில் மின்சாரத்தையும் பறித்துக்கொள்வதில் குற்றமென்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு உள்ள பலம் நமக்கே வியப்பைத் தரும். நல்ல பாய்லர் ஒரு லிட்டரிலிருந்து 9 யூனிட் உஷ்ணம் தருகிறது. எஞ்சினோ, நீரிலும் புகையிலும் உள்ளதைக் கவனமாகப் பிடித்துக்கொண்டால், 3 யூனிட் மின்சாரத்தோடு ஐந்தரை யூனிட் உஷ்ணத்தையும் தரும். அந்த ஐந்தரையைப் பாய்லரிலிருந்து பெற வேண்டுமானால் முக்கால் லிட்டருக்கும் குறைவான, ஏறத்தாழ 0.6 லிட்டர் எண்ணெய் செலவாகியிருக்கும். ஆகவே மின்சாரத்துக்கென்று உண்மையில் செலவானது மீதி 0.4 லிட்டர்தான், அதாவது 4 யூனிட் சக்தியைக் கொடுத்து 3 யூனிட் மின்சாரம் வாங்கியிருக்கிறோம். நூற்றுக்கு எழுபத்தைந்து என்ற இந்த விகிதத்தை, எரிவாயுவில் ஓடும் மிகச் சிறந்த பெரிய மின்நிலையங்கள்கூட எட்டவில்லை. அவை அறுபதைச் சற்றே தாண்டி நிற்கின்றன. வேடிக்கை என்னவென்றால், இந்த உபயோகத்தில் எஞ்சினின் திறமைக்குறைவுகூடப் பெரிய குற்றமாவதில்லை. ஃபோக்ஸ்வாகனின் டிடிஐ வகை டீசல் எஞ்சின்கள் எண்ணெயை எவ்வளவு சிக்கனமாக எரித்தன என்றால், குளிர்காலத்தில் காருக்குள் அனல் போதாமல், குளிர்விக்கும் நீரைச் சூடாக்கத் தனியே மின்தண்டுகளைப் பொருத்த வேண்டியிருந்தது. அரை லிட்டருக்கும் குறைந்த கொள்ளளவுள்ள கூபோட்டாவின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் போன்ற சிறியவை அத்தனை சிக்கனமானவை அல்ல. ஆனால் அவை மின்சாரத்தில் குறைத்துத் தருவதில் பெரும்பகுதியை நீரின் உஷ்ணமாகத் திருப்பித் தந்துவிடுகின்றன.

இவ்வளவு சிறந்த கணக்கு ஏன் வீட்டுக்கு வீடு நிறைவேறவில்லை என்று கேட்டால், அதற்கு விடை அந்தக் கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. எஞ்சின் மின்சாரம் ஒரு பங்குக்கு உஷ்ணம் இரு பங்கு என்ற விகிதத்தில் தருகிறது. வீடு கேட்பதோ வேறு விகிதம். நடுத்தரமான ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்வோம்: விளக்கு, குளிர்ப்பெட்டி, பம்பு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 12 யூனிட்; கடுங்குளிர் நாளில் அந்த வீட்டுக்கு வேண்டிய உஷ்ணம் 200 யூனிட். மின்சாரத் தேவைக்காக எஞ்சினை ஓட்டினால் 4 லிட்டர் எரிந்து 22 யூனிட் உஷ்ணம் கிடைக்கும். வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு. பாய்லரை அகற்ற முடியாது. உஷ்ணத் தேவைக்காக ஓட்டினாலோ நூறு யூனிட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் பெருகி, அதை எங்கே வைப்பது என்ற சங்கடம் வந்துவிடும். கோடைக்காலத்தில் நிலைமை தலைகீழாகிறது: உஷ்ணம் வேண்டாம், மின்சாரம் மட்டும் வேண்டும்; அப்போது நம் எழுபத்தைந்து விகிதம் முப்பதுக்கு இறங்கி, நிலவறையில் நிற்பது ஒரு சாதாரண ஜெனரேட்டராகிவிடுகிறது.

பெருகும் மின்சாரத்துக்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, ஊர் மின்கம்பிக்கு விற்றுவிடுவது. ஜெர்மனி 2002ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் செய்து, உஷ்ணத்தோடு சேர்த்து உண்டாக்கப்படும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை வைத்தது; இத்தகைய யந்திரங்கள் அங்கே பல்லாயிரக்கணக்கில் பரவியதற்கு அதுவே பிரதான காரணம் என்பது என் அபிப்பிராயம். மற்றொன்று, அந்த மின்சாரத்தைக் கொண்டு, 1852ஆம் ஆண்டிலேயே கெல்வின் பிரபு கருத்தளவில் விளக்கிவிட்ட வெப்பப் பம்பை ஓட்டுவது. வெளிக்காற்றிலுள்ள சொற்ப உஷ்ணத்தை உள்ளே ஏற்றும் அந்தச் சாதனம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் உஷ்ணம் தந்தால், நம் ஒரு லிட்டர் டீசலிலிருந்து வீட்டுக்குள் வந்து சேருவது பதினாலரை யூனிட். கடுங்குளிரில் இரண்டே தந்தாலும் பதினொன்றரை. பாய்லரின் ஒன்பதை இவை தெளிவாகவே வெல்கின்றன. சித்தாந்த ரீதியில் இதைவிட அழகான ஏற்பாட்டைக் காண்பது அரிது. ஆனால் வெப்பப் பம்பு வந்துவிட்ட வீட்டுக்கு ஊர் மின்கம்பியும் வந்திருக்குமானால், நடுவில் எஞ்சின் எதற்கு என்று கேட்பவனுக்கு எஞ்சின் பக்தர்களிடம் திருப்தியான பதில் இல்லை.

எரிபொருளை விட்டு எஞ்சினின் ஆயுளைக் கவனித்தால் இன்னொரு பெரிய ஆட்சேபம் தலைகாட்டும். சாதாரணச் சிறு டீசலுக்கு ஓட்டத்தில் 250 மணிக்கு ஒரு முறையேனும் எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும். இரவு பகலாக ஓடினால் பத்து நாளில் அந்த 250 மணி தீர்ந்துவிடும். ஒரு குளிர்காலத்தில் 5,000 மணி ஓடிய எஞ்சின், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 லட்சம் கிலோமீட்டர் சென்ற வண்டிக்கு ஒப்பான தேய்மானத்தை அடைந்திருக்கும். அவ்வளவு ஓடிய வண்டியை நாம் யாரும் புதிது என்று வாங்குவதில்லை. டாக்ஸ் போன்றவை பெரிய ஆயில் தொட்டியோடு, நிதான வேகத்தில், சில ஆயிரம் மணிக்கு ஒரு முறை பராமரித்தால் போதும் என்னும்படி இதற்கென்றே வடிக்கப்பட்டவை, விலையும் அதற்கேற்றதே.

தொடர்ந்து ஓட்டுவதைக் காட்டிலும் பெரிய பாதகம் குறைந்த பளுவில் ஓட்டுவது. 5 கிலோவாட் எஞ்சின் நள்ளிரவில் ஒரு குளிர்ப்பெட்டிக்கும் இரண்டு விளக்குக்குமாக ஓடினால், தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதற்கே முழுப் பளுச் செலவில் நாலில் ஒரு பங்கை எரித்துவிடுகிறது. அதோடு சிலிண்டர் போதிய சூடேறாமல், எரியாத எண்ணெய் கரிய பிசினாகப் புகைக்குழாயில் வழிய, சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் மெருகேறி ஆயிலைத் தாங்காமற்போகும். இந்த விஷயத்தை உணர்ந்தவர்கள் எஞ்சினை வீட்டின் எஜமானாக வைக்காமல், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முழுப் பளுவில் உழைக்கும் வேலையாளாக வைக்கிறார்கள்: மின்சாரம் பேட்டரிக்கும், உஷ்ணம் பெரிய நீர்த்தொட்டிக்கும் போய்ச் சேரும். 5 கிலோவாட்டில் மூன்று மணி ஓடினால் 15 யூனிட் மின்சாரமும் 27 யூனிட் உஷ்ணமும் ஆயிற்று. ஆயிரம் லிட்டர் நீரை 40 பாகையிலிருந்து 60க்கு மேல் ஏற்றி வைக்க அந்த உஷ்ணம் போதும். ஆயில் மாற்றும் நாளும் பத்து நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதத்துக்குத் தள்ளிப் போகிறது. இந்த முறையின் வெற்றி எஞ்சினைக் காட்டிலும் தொட்டியையும் பேட்டரியையும் சார்ந்தது என்பதை, எஞ்சின்மேல் மோகம் கொண்டவர்கள் லேசில் ஒப்புவதில்லை.

மோகம் என்ற சொல்லைக் காரணத்தோடுதான் சொன்னேன். இங்கிலாந்தின் டர்ஸ்லி நகரில் 1930 வாக்கில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் வார்க்கப்பட்ட லிஸ்டர் எஞ்சின், நிமிஷத்துக்கு 650 சுற்று என்ற யானை நடையில் ஓடுவது. அதைப் பார்த்து நம் நாட்டின் ராஜ்கோட் பட்டறைகள் செய்த எஞ்சின்கள் கப்பலேறி, அமெரிக்காவின் ஒதுக்குப்புற வீடுகளில் இதே காரியத்துக்காக அமர்ந்தன. வாங்கியவர்கள் அவற்றைப் பிரித்து, வார்ப்பு மணலைக் கழுவி, மறுபடி கோத்து ஓட்டுவதை ஒரு விரதம்போல அனுஷ்டித்தார்கள். அமெரிக்கப் புகைச் சட்டங்கள் இறுகியபின் அந்த இறக்குமதி நின்றது. பொரித்த எண்ணெயை வடிகட்டி ஊற்றி ஓட்டியவர்களும் உண்டு. தக்கபடி சூடாக்காமல் ஊற்றினால் அது பிஸ்டன் வளையங்களில் பசையாகப் பிடித்துக்கொள்ளும். ஓய்வும் கைத்திறமையும் உள்ளவருக்கு இவை ஆனந்தமான பொழுதுபோக்கு. ஆனால் வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கும் இரவில், ரேடியேட்டர் குழாய் உறைந்து வெடிக்காமல் காப்பதற்குப் பொழுதுபோக்கை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

புகைச் சட்டங்கள் இறுகியதில் அநியாயம் ஏதும் இல்லை. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 2012ஆம் ஆண்டில் திட்டவட்டமாக வகைப்படுத்தியது. லாரிகளில் இன்று கரித்தூளை வடிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அடக்கும் யூரியாக் கரைசலும் உண்டு. வீட்டு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் கிடையா. பொருத்தினாலும், கரித்தூளை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அந்த வடிகட்டிக்குப் புகையின் உக்கிரமான உஷ்ணம் வேண்டும். இங்கேயோ அந்த உஷ்ணத்தைக் கறப்பதே நம் நோக்கமாக இருக்கிறது. அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸ் போன்ற ஊரில் குளிர்காலக் காற்று பள்ளத்தாக்கில் மூடிபோட்டதுபோல் அசையாமல் நின்று, வீட்டு அடுப்புகளின் புகையையே தாங்க மாட்டாமல் தவிக்கிறது; தெருவுக்குத் தெரு டீசலும் சேர்ந்தால் என்னவாகும்? இந்தத் துறையைத் தொழிலாக எடுத்து நடத்தியவர்களும் டீசலைத் தவிர்த்து எரிவாயுவையே பெரும்பாலும் நாடினார்கள். ஜப்பானில் ஹோண்டாவின் 1 கிலோவாட் எஞ்சினும், 2009ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வாகன் மற்றொரு நிறுவனத்தோடு சேர்ந்து 1 லட்சம் ஜெர்மன் வீடுகளில் வைக்கத் திட்டமிட்ட எஞ்சினும் எரிவாயுவில் ஓடியவை. அந்தப் பெருந்திட்டமும் அதன் இலக்கில் சிறு பகுதியைக்கூட எட்டாமல், 2014ஆம் ஆண்டில் கூட்டு முறிந்து போயிற்று.

டீசலுக்கு நியாயமாக உரிய இடம் அலாஸ்காவின் கிராமங்களில் தெரிகிறது. சாலையும் பெரிய மின்கம்பியும் எட்டாத ஏறத்தாழ 200 ஊர்கள் அங்கே டீசலை நம்பி வாழ்கின்றன. எண்ணெய் கோடையில் தெப்பக் கப்பலிலோ விமானத்திலோ வந்து சேருகிறது. அவற்றுள் பலவற்றில் ஊர்ப்பொது எஞ்சினின் குளிர்நீர் உஷ்ணம், குழாய் வழியே பள்ளிக்கூடத்துக்கும், குடிநீர் உறையாமல் காக்கும் கட்டடத்துக்கும் போகிறது. நூறு வீடுகளின் தேவை ஒன்றுசேரும்போது பளு சீராகிறது. எஞ்சினைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருக்கிறான். புகைக்குழாய் யார் ஜன்னலுக்கும் அடியில் இல்லை. வீட்டில் நாம் கண்ட குறைகளில் பாதி, எஞ்சின் ஊருக்குப் பொதுவானதும் மறைந்துவிடுகின்றன.

ஊரும் இல்லாத தனி வீட்டுக்கு, கோடையில் சூரியத் தகடும் பேட்டரியும் போதும். டிசம்பரின் இருட்டுக்கு மட்டும் எஞ்சின் மிஞ்சுகிறது. மின்சாரம் குறைவாகக் கிடைக்கும் மாதங்களே உஷ்ணம் அதிகம் வேண்டும் மாதங்களாகவும் இருப்பதால், முன்சொன்ன விகிதத் தகராறு அங்கே ஓரளவு தணிந்துவிடும். ஆனால் ஆண்டுக்குச் சில நூறு மணியே ஓடும் எஞ்சினுக்குப் புகையின் உஷ்ணத்தையும் பிடிக்கும் கருவி வைப்பது, செலவுக்குத் தகுந்ததன்று என்றே நினைக்கிறேன்: கரி படிந்து அது அடிக்கடி கழுவச் சொல்லும், புகையை அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் அமிலநீர் சுரந்து இரும்பை அரிக்கும். சிலிண்டரைச் சுற்றி வரும் நீரிலுள்ள உஷ்ணத்தை மட்டும் எடுத்துத் தொட்டிக்கு அனுப்பி, பாய்லரையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, புகையை அதன் சூட்டோடு உயரமான குழாய் வழியே வெளியேற விட்டுவிடலாம்.