ஐயமே உருவாகும் இடம்: 'ஸ்லே த பிரின்சஸ்' முன்னோட்டப் பதிப்பு

கனடாவின் பிளாக் டாபி கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட உளவியல் திகில் காட்சிப் புதினம் 'ஸ்லே த பிரின்சஸ்'. அதற்கு முன்னர் வந்த முன்னோட்டப் பதிப்பை மட்டுமே ஈண்டு நோக்குகிறோம்.

காட்டுக் குடிலின் நிலவறையில் சங்கிலியால் பிணிக்கப்பட்ட இளவரசியைக் கொல்லாவிடில் உலகம் அழியும் என்கிறான் கதைசொல்லி. காரணம் கேட்டால் மழுப்புகிறான். கத்தியுடன் இறங்கினால் அவள் குரல் கடுமை கொள்கிறது. வெறுங்கையுடன் இறங்கினால் குழைகிறது. மடிந்த பின்னரும் அதே காட்டுப் பாதை மீள்கிறது. அவளோ நமது முந்தைய தேர்வுக்கேற்ப வேறு உருக்கொள்கிறாள். எனவே, 'அவள் யார்?' என்னும் புதிர், 'எத்தகைய எண்ணத்துடன் அவளை அணுகினோம்?' என்னும் வினாவாகிறது.

கதைசொல்லியின் கூற்றை மெய்யெனக் கொள்ளும் வாசிப்புப் பழக்கத்தை இப்படைப்பு அசைக்கிறது. பிறர் சொல்லைக் கொண்டே ஒருவரைத் தீர்ப்பிடுவதன் கொடுமையே இதன் உண்மையான திகில் எனலாம். புதிர் அவிழாமல் முடிவது குறையன்று. அதுவே இதன் வலிமை.