ஹிச்கி (திரைப்படம்): ஒரு மதிப்பீடு

'ஹிச்கி' 2018 மார்ச் 23 அன்று வெளிவந்த இந்தித் திரைப்படம். விக்கல் என்பது இச்சொல்லின் பொருள். சித்தார்த் பி. மல்கோத்ரா இயக்கிய இப்படத்தில், டூரெட் நோய்க்கூறுடன் வளர்ந்து ஆசிரியையாகும் நைனா மாத்தூராக ராணி முகர்ஜி நடித்துள்ளார்.

படத்தின் மூலம் அமெரிக்க ஆசிரியர் பிராட் கோஹனின் தன்வரலாறு. 2005இல் வெளியான அந்நூல் 2008இல் தொலைக்காட்சிப் படமானது. 24 பள்ளிகள் மறுத்த கோஹனை 25ஆவதாக ஜார்ஜியா மாநிலத் தொடக்கப்பள்ளி ஒன்று வேலைக்கு எடுத்துக்கொண்டது.

டூரெட் என்பது நரம்பியல் கோளாறு. பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா டூரெட் 1885இல் இதை விவரித்தார். கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைச் செருமல், திடீர் ஒலிகள் ஆகியவை கட்டுப்பாட்டை மீறி வரும். சற்று நேரம் அடக்கலாம். அடக்க அடக்க உந்துதல் கூடும். அறிவுத்திறனை இது குறைப்பதில்லை. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஒரு பிள்ளை ஓயாமல் தொண்டையைச் செருமினால், அனல்மின் நிலையச் சாம்பல், லாரித் தூசி என்றுதான் வீட்டார் முதலில் நினைப்பார்கள். கண்ணைச் சிமிட்டினால் கண்ணாடி போடவேண்டுமோ என்பார்கள். வகுப்பறையில் அதற்குப் பெயர் சேட்டை. நரம்பியல் மருத்துவரிடம் போகவேண்டும் என்ற எண்ணம் வருவதற்குள் பிள்ளை பல முறை அடி வாங்கியிருக்கும். அந்த வகையில் இப்படம் ஆசிரியர்கள் பார்க்கவேண்டிய ஒன்று.

படத்தின் சிறந்த பகுதி நைனாவின் பள்ளிப்பருவம். அவள் எழுப்பும் ஒலியால் நிகழ்ச்சி கெடுகிறது. தலைமையாசிரியர் அவளை மேடைக்கு அழைக்கிறார். தண்டனை என்று எல்லாரும் எதிர்பார்க்க, பள்ளி உனக்கு என்ன செய்யவேண்டும் என்று அவர் கேட்கிறார். மற்ற பிள்ளைகளைப்போல் என்னையும் நடத்துங்கள் என்கிறாள். விக்ரம் கோகலே இதை மிகையின்றி நடித்திருக்கிறார். கோஹனின் வாழ்விலும் இப்படியொரு மேடை உண்டு. உணவகத்தில் மகளைப் பேசவிடாமல் தானே உணவு சொல்லிவிடும் தந்தையின் வெட்கமும் நன்கு வந்துள்ளது. பள்ளியின் பெயர் செயிண்ட் நோட்கர்; திக்குவாய்த் துறவி என்றே பெயர்பெற்ற புனிதரின் பெயர் அது. கவனித்துப் பார்ப்போருக்கு ஒரு சிறு பரிசு.

குறை அதன்பின் தொடங்குகிறது. கோஹன் கேட்டது சாதாரண வகுப்பில் பாடம் நடத்தும் உரிமை. நைனாவுக்கோ யாரும் மேய்க்க முடியாத 9எஃப் வகுப்பைக் கொடுத்து, அவர்களைத் தேறவைத்தால்தான் நீ ஆசிரியை என்கிறது கதை. முட்டையை வீசிப் பரவளையம் கற்பிக்கும் காட்சி கலகலப்பானது. ஆனால் குறையுள்ளவர் அதிசயம் செய்துகாட்டித்தான் வேலையைத் தக்கவைக்கவேண்டுமா? சுமாராகப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு எந்தப் பள்ளியிலும் பஞ்சமில்லை. அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை.

9எஃப் பிள்ளைகள் 14 பேரும் குடிசைப்பகுதியினர். கல்வி உரிமைச் சட்டத்தின் பெயரால் வந்தவர்கள். 2009ஆம் ஆண்டின் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடிய உள்ளவர்களுக்கானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இவ்வாறு சேர்க்கப்படும் பிள்ளைகளை வகுப்பறையில் பிரித்து வைக்கக்கூடாது என்று மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. 9எஃப் என்ற தனி வகுப்பே அவ்விதிக்கு முரண். நைனா தன்னைப் பிறரோடு சேர்த்து நடத்தக் கேட்டவள். தன் மாணவர்களை மற்ற வகுப்புகளில் கலந்து உட்காரவைக்கும்படி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இராயபுரத்து மீனவப் பிள்ளையோ துறைமுகச் சுமைதூக்குபவரின் பிள்ளையோ இதைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அந்தத் தனி அறையாகத்தான் இருக்கும். நீரஜ் கபியின் வாடியா சார் 9ஏ வகுப்பின் பெருமையோடு வில்லனாக நிற்கிறார். பிள்ளைகளைப் பிரித்து வைத்த நிர்வாகத்தைப் படம் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறது. முடிவில் 9எஃப் பிள்ளைகளுக்கு மாணவர் தலைவர் சின்னங்கள் கிடைக்கின்றன. வகுப்பு மட்டும் 9எஃப் ஆகவே இருக்கிறது.