கொசு ஆள் பார்த்துக் கடிக்குமா? – ‘கண்டேஜியன்’ படமும் புக்கிட் பெலாண்டோக்கும்

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அந்த வாரம் பாதி உலகம் எந்தப் படத்தைத் தேடிப் பார்த்ததோ அதையேதான் நானும் பார்த்தேன். ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கி 2011-ல் வெளிவந்த ‘கண்டேஜியன்’. சிரம்பான் வீட்டில் லேப்டாப்பை டிவியில் மாட்டி, வேலைக்குப் போக முடியாமல் முறைத்துக்கொண்டிருந்த அப்பாவையும் பிடித்து உட்கார வைத்தேன்.

படம் இருட்டில் தொடங்கும். திரையில் ஒன்றுமில்லை, ஓர் இருமல் சத்தம் மட்டும் கேட்கும். அப்பா உடனே சொன்னார்: “பன்னிதான் மொதல்ல இருமுச்சு. மனுசன் அப்புறந்தான்.”

நான் காதில் வாங்கவில்லை. படத்தின் கடைசிக் காட்சி வந்தபோதுதான் திரும்பி அவரைப் பார்த்தேன். புல்டோசர் மரத்தைச் சாய்க்கிறது. வௌவால்கள் கலைந்து பறக்கின்றன. ஒரு வௌவால் வாழைப்பழத் துண்டு ஒன்றைப் பன்றிக் கொட்டகைக்குள் தவறவிடுகிறது, ஒரு குட்டி அதைத் தின்கிறது. அந்தக் குட்டி சமையற்காரர் கைக்கு வருகிறது. அவர் கையைக் கழுவாமலே ஒரு பெண்ணோடு கைகுலுக்குகிறார். படம் ஒன்றே முக்கால் மணி நேரம் ஒளித்து வைத்திருந்ததை அப்பா முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார்.

அவர் மேதாவி இல்லை. புக்கிட் பெலாண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், அவ்வளவுதான். படத்தில் வரும் எம்.இ.வி-1 கற்பனைக் கிருமி. ஆனால் அதற்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது நிப்பா வைரஸ். அந்த நிப்பாவுக்குப் பெயர் கொடுத்த சுங்கை நிப்பா கிராமம் எங்கள் மாநிலத்தில், போர்ட் டிக்சன் மாவட்டத்தில் இருக்கிறது. ஹாலிவுட் எங்கள் ஊர்க் கதையை எடுத்து மக்காவ், ஹாங்காங், சிக்காகோ என்று சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

சும்மா சொல்லக்கூடாது, ‘கண்டேஜியன்’ நல்ல படம். கதவுப்பிடி, கண்ணாடி டம்ளர், பேருந்துக் கம்பி என்று சாதாரணப் பொருள்களைக் காட்டியே பயமுறுத்துகிறது. அழுகைக்கு இசை போட்டு உசுப்பேற்றுவதில்லை. என் புகார் வேறு. பொய்ச்செய்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இந்தப் படம் வைத்திருக்கும் பதில் மீதுதான் எனக்குச் சண்டை.

படத்தின் பதில் ஜூட் லா நடித்த ஆலன் க்ரம்வீட். இணையத்தில் எழுதுகிறவன். ஃபோர்சித்தியா என்ற மூலிகைச் சாற்றைக் குடித்துக் குணமானதாக நாடகமாடி, அதை நம்பவைத்துக் காசு பார்க்கிறான். ஜனங்கள் மருந்துக்கடையை உடைக்கிறார்கள். இந்தப் பக்கம் ஆய்வகத்தில் பொறுமையாக, நேர்மையாக வேலை செய்யும் விஞ்ஞானிகள். சில இடங்களில் படம் இந்தக் கோட்டை லேசாக அழிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தொற்றுநோய் மையத்தின் பெரிய அதிகாரியே தன் காதலிக்கு மட்டும் ரகசியமாகத் தகவல் சொல்லி ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்கிறார். மாதிரிகளை அழித்துவிடு என்று வந்த உத்தரவை மீறித்தான் ஒரு விஞ்ஞானி கிருமியை வளர்க்கிறார். ஆனாலும் மொத்தக் கணக்கு மாறுவதில்லை. உண்மை மேலிருந்து கீழே வருகிறது, பொய் கீழிருந்து மேலே போகிறது.

1999-ல் எங்கள் மாநிலத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு.

1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பன்றி வளர்ப்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. ஜே.இ. என்று சொல்லப்பட்டது. அதாவது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். ஜே.இ. நம் நாட்டில் ஏற்கனவே இருந்த நோய். பன்றியின் உடலில் பெருகிக் கொசு வழியாக மனிதருக்கு வரும். சில நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கான ஆன்டிபாடியும் இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் எனக்கு இந்தத் தவறு நன்றாகப் புரிகிறது. மெஷின் நின்றால், போன மாதம் எதனால் நின்றதோ அதுதான் இந்த மாதமும் காரணம் என்று எழுதிவிடுவோம். பாதிக் குறிகள் பொருந்தினாலே போதும், மீதியைப் பார்க்க மாட்டோம்.

பார்க்காமல் விட்ட மீதி என்ன? ஜே.இ. பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் வேலை செய்கிற ஆண்கள். ஜே.இ. வந்தால் வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே பன்றிகளே இருமி இருமிச் செத்தன. ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் இருமல் என்று பின்னால் ஆய்வுக் கட்டுரைகளில் அதற்குப் பெயரே வந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வந்தது.

அப்பா இதையெல்லாம் கட்டுரையில் படிக்கவில்லை. அவருடைய கூட்டாளி ஒருவர் தோட்டத்தில் ஆள்குறைப்பு வந்த பிறகு நாள்கூலிக்குப் பன்றிப் பண்ணைக்குப் போனார். வெளியே சொல்ல மாட்டார், லயத்தில் கேலி பேசுவார்கள் என்ற கூச்சம். பெரும்பாலும் சீனர்கள் நடத்திய பண்ணைகள் அவை. கொட்டகை கழுவவும் லோரியில் ஏற்றவும் நம்மவர்களும் போனார்கள். நோயில் விழுந்தவர்களிலும் இந்தியர்கள் இருந்தார்கள். அந்தக் கூட்டாளி வந்து சொல்வாராம், “பன்னியெல்லாம் நாய் கொலைக்கிற மாதிரி இருமுதுடா.” சாயந்தரம் ஆனால் புகை அடிக்கும் வண்டி வரும். ஜன்னலைத் திறந்து வை, கொசு சாகட்டும் என்பார்கள். ஊசியும் போட்டார்கள்.

“எனக்கு அப்பவே ஒரு கேள்வி இருந்துச்சு” என்றார் அப்பா. “லயத்துல யாரு வீட்டு ஜன்னலுக்கும் வலை கெடையாது. கொட்டகைக்குப் போனவனுக்குத்தான் காய்ச்சல். கம்பத்துல இருக்கற மலாய்க்காரங்க யாருக்கும் வந்ததா கேள்விப்படல. கொசு என்ன ஆள் பாத்துதான் கடிக்குதா? யாருகிட்ட போயி கேக்கறது? கிராணிகிட்ட கேட்டா, ‘ஊசி போட்டாச்சில்ல, போடா’ன்னுட்டாரு.”

அந்த ஊசிதான் கூட்டாளிக்குத் தைரியம் கொடுத்தது. ஊசி போட்டாயிற்று, இனி ஒன்றும் ஆகாது என்று மறுபடியும் கொட்டகைக்குப் போனார். மார்ச்சில் காய்ச்சலோடு தலைவலி வந்தது, பிறகு நினைவு தப்பியது. பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டவில்லை. பின்னால் உட்கார்ந்துதான் போவார்.

‘கண்டேஜியன்’ போன்ற படங்களுக்குப் புலப்படாத பொய் இது. யாரும் காசுக்காகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு, முத்திரையோடு, ஒலிபெருக்கியில் வந்தது. செய்த சேதமும் பெரிது. எதிரி கொசு என்று முடிவானதால் எல்லாரும் கொசுவைத் துரத்தினார்கள். இன்னொரு பக்கம் நோயுற்ற பன்றிகள் மலிவு விலைக்கு லோரி ஏறித் தெற்கே வந்தன. பேராக்கில் இருந்த நோய் நெகிரி செம்பிலானுக்கு நடந்து வரவில்லை, ரோட்டில் வந்தது. நாட்டிலேயே அதிகம் பேர் பாதிக்கப்பட்டது புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில்தான்.

1999 மார்ச் தொடக்கத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியை வளர்த்தெடுத்தார். அது ஜே.இ. போல நடந்துகொள்ளவில்லை. மாதிரிகளை அமெரிக்கத் தொற்றுநோய் மையத்துக்கே நேரில் எடுத்துப் போனார். 1994-ல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதர்களையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு நெருங்கிய உறவு அது என்று தெரிந்தது. அதன் பிறகே இராணுவம் வந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். சிங்கப்பூரில் பன்றி வெட்டும் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். சில ஆண்டுகள் கழித்து அதே டாக்டர் சுவா தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலும் அவை கடித்துப் போட்ட பழத்திலும் இதே கிருமியைக் கண்டுபிடித்தார். ‘கண்டேஜியன்’ படத்தின் கடைசிக் காட்சி அந்தப் பழத்திலிருந்துதான் வருகிறது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ‘கண்டேஜியன்’ வெளிவந்த அதே 2011-ன் தீபாவளிக்கு ஏ.ஆர். முருகதாஸின் ‘7ஆம் அறிவு’ வந்தது. எங்கள் ஊர்த் தியேட்டரில் கூட்டம் தாங்கவில்லை. நானும் விசில் அடித்தவள்தான். சீனாவிலிருந்து ஓர் ஆள் வருகிறான், ஒரு நாய்க்கு ஊசி போடுகிறான், நோய் பரவுகிறது. மருந்து போதிதர்மரின் மரபணுவில் இருக்கிறது. ஒரு வதந்திக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் இதில் இருக்கிறது. நோய்க்கு எதிரி முகம் கிடைக்கிறது, மருந்துக்கு நம் தாத்தா முகம் கிடைக்கிறது. 2020 தொடக்கத்தில் கொரோனாவை அன்றே சொன்ன படம் என்று இதன் காட்சிகள் வாட்சாப்பில் சுற்றியதில் ஆச்சரியமே இல்லை. மலேசியத் தமிழர்கள் அதைப் பகிரும்போது எனக்குக் கூடுதலாக ஒன்று உறுத்தியது. நிப்பாவில் நம் ஆள் எந்தக் கொட்டகையில் விழுந்தாரோ, அதே கொட்டகையில்தான் சீன முதலாளியும் அவர் மகனும் விழுந்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். ஒரே தொட்டியைக் கழுவியவர்களின் கதை நம்மிடம் இருக்கும்போது, அந்நியன் கொண்டுவந்த நோய் என்ற கதை நமக்கு எதற்கு?

இந்த இரண்டையும்விட என் மனதுக்கு நெருக்கமானது ஆஷிக் அபுவின் மலையாளப் படம் ‘வைரஸ்’ (2019). 2018-ல் கோழிக்கோட்டில் வந்த நிப்பாவைப் பற்றியது. அங்கேயும் வதந்தி வருகிறது, ஆனால் தெருவிலிருந்து மட்டும் வருவதில்லை. இது திட்டமிட்ட கிருமித் தாக்குதலாக இருக்குமோ என்ற சந்தேகம், மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் அதிகாரிகளிடமிருந்து வருகிறது. முதல் நோயாளியின் பெயரும் மதமும் அதற்குப் போதுமானதாகிவிடுகின்றன. பார்வதி நடித்த டாக்டர் அந்தச் சந்தேகத்தை மேடைப் பேச்சால் உடைப்பதில்லை. ஒவ்வொரு நோயாளியும் எந்த நாள், எந்த வராந்தாவில், யார் பக்கத்தில் இருந்தார் என்று வீடு வீடாகக் கேட்கிறார். பாதிக்கப்பட்டவர்களின் நினைவுதான் அங்கே ஆதாரம். என் அப்பாவிடம் யாரும் வந்து கேட்காததை அந்த டாக்டர் கேட்கிறார். அந்தக் காட்சிகளில் நான் அழுதேன் என்பதை விமர்சனத்தில் எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு, அரசு சொல்வது எல்லாம் பொய், ஜனங்கள் சொல்வதே உண்மை என்று யாராவது கிளம்பினால் அது நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். 2020-ல் எங்கள் குடும்பக் குழுவில் மஞ்சள் தண்ணீர், மிளகு ரசம், மூச்சை அடக்கிப் பார்க்கும் சோதனை என்று வராதது இல்லை. அப்போது நான்தான் போலீஸ்காரி. ஒவ்வொன்றுக்கும் அரசின் ‘செபெனார்ஞா’ தளத்திலிருந்து மறுப்பை எடுத்துப் போடுவேன். சித்திகள் கோபித்துக்கொண்டார்கள். ஒருநாள் அப்பா கேட்டார்: “ஏம்மா, 1999-ல இந்த வெப்சைட்டு இருந்திருந்தா என்ன போட்டிருக்கும்?”

பதில் தெரியும். ‘இது ஜே.இ., கொசுவால் பரவுகிறது. பன்றியைத் தொட்டால் வரும் என்பது பொய்.’ 2021 மார்ச்சில் அவசரகாலச் சட்டம் ஒன்று வந்தது. கோவிட் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம். அப்படியொரு சட்டம் 1999-ல் இருந்திருந்தால் கொட்டகையிலிருந்து வந்த அந்த இருமல் செய்தியும் குற்றமாகியிருக்கும்.

அப்படியானால் ரசத்தையும் இருமலையும் எப்படிப் பிரிப்பது? அப்பாவின் கேள்விதான் எனக்கு வழி காட்டியது. க்ரம்வீட் விற்றது ஒரு பதில். ‘7ஆம் அறிவு’ கொடுத்ததும் பதில். ரசமும் பதில்தான். ஜே.இ. என்ற அறிவிப்பும், நல்ல எண்ணத்தில் வந்திருந்தாலும், கேள்வியை மூடிய பதில். ‘கொசு ஆள் பார்த்துக் கடிக்குமா’ என்பது மட்டும் பதில் இல்லை. அது கண்ணால் பார்த்ததை வைத்துக் கேட்ட கேள்வி. பதிலாக வரும் வதந்தியைச் சந்தேகிக்கலாம், கேள்வியாக வருவதைக் குறித்து வைக்க வேண்டும். டாக்டர் சுவா ஆய்வகத்தில் செய்ததும் அதைத்தான். கையில் தயாராக ஒரு பதில் இருந்தும் கிருமி அதற்குப் பொருந்தவில்லை என்று குறித்துக்கொண்டார். வித்தியாசம் என்னவென்றால் அவரிடம் நுண்ணோக்கி இருந்தது, என் அப்பாவிடம் கிராணி இருந்தார்.

நிப்பா பற்றி நம்மில் யாராவது கதையோ படமோ செய்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அதில் புல்டோசரும் வௌவாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புகை வண்டி வந்துபோன பிறகு லயத்து வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒருவர் கையில் ஊசி போட்ட வடு. இன்னொருவர் அவரை நாளைக்குப் போகாதே என்று சொல்ல நினைத்து, என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் முழிக்க வேண்டும். தூரத்தில் பன்றி இருமும் சத்தம் கேட்க வேண்டும்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அவ்ளோதான் நடந்துச்சு” என்றார்.