கேட்கப்படாத வினா

2020-ஆம் ஆண்டில் கொரோனா நம்மை வீட்டுக்குள் அடைத்தபோது, உலகெங்கும் பலர் தேடிப் படித்த நூல் ஒன்று உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யூ எழுதி, 1947-ல் வெளிவந்த ‘கொள்ளைநோய்’ என்னும் புதினமே அது. திருவேற்காட்டில் முடங்கிக் கிடந்த நாமும் அதனைப் படித்தோம். எலிகள் செத்து விழுவதும், நகர வாயில்கள் சாத்தப்படுவதும், மருத்துவர் ரியூ சலியாமல் படியேறி இறங்குவதும் நெஞ்சைவிட்டு நீங்காதவை. நூலின் பெருமையை மறுக்க நாம் வரவில்லை. ஆயினும் படித்து முடித்த பின்னர் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது.

கதை நிகழும் ஓரான் நகரம் அல்ஜீரியாவில் இருக்கிறது. அந்நாளில் அது பிரான்சின் ஆட்சியிலிருந்த முஸ்லிம் நாடு. ஓரானில் ஐரோப்பியர் தொகை மிகுதிதான். எனினும் முஸ்லிம்களும் அங்கே பெருந்தொகையினராய் வாழ்ந்தனர். இத்தனை பேர் மடியும் இக்கதையில் பெயருடன் வந்து வாய்திறந்து பேசும் அரபியர் ஒருவரேனும் இல்லை. அவர்தம் வீட்டில் மையித்து விழுந்ததா, யார் தூக்கிச் சென்றார்கள், ஜனாஸாத் தொழுகை நடந்ததா என்று அறிய வழியில்லை.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. கதையின் தொடக்கத்தில் ராம்பேர் என்னும் செய்தியாளர் பாரிஸிலிருந்து வருகிறார். அவர் வந்த வேலையே அரபியரின் வாழ்க்கை நிலையையும் அவர்களுடைய சுகாதாரத்தையும் விசாரித்து எழுதுவதுதான். நிலைமை நன்றாக இல்லை என்று ஒப்புகிறார் மருத்துவர். ஆனால் உண்மையை முழுவதுமாக எழுத உம்மால் இயலுமா என்று கேட்கிறார். முழுவதுமாக இயலாது என்கிறார் ராம்பேர். அப்படியானால் என்னிடமிருந்து செய்தி கிடையாது என்று பேச்சை முடித்துவிடுகிறார் ரியூ. அதன்பின் அந்த விசாரணை நூலில் தலைகாட்டவே இல்லை. ராம்பேர் காதலியை நினைந்து ஏங்குகிறார், தப்பியோட வழி தேடுகிறார், கடைசியில் தங்கித் தொண்டு செய்கிறார். எழுத வந்த கட்டுரை மட்டும் எழுதப்படவில்லை.

இது நாஜி ஆக்கிரமிப்பைக் குறிக்கும் உருவகக் கதை, இதில் அரபியரைத் தேடலாமா என்பார் உளர். உருவகம் என்பது மெய்யே. ஆனால் ஆசிரியர் அறியாதவர் அல்லர். 1939-ல் கபீலியா மலைநாட்டு மக்களின் பசியையும் பிணியையும் நேரில் கண்டு, நாளிதழில் தொடராக எழுதியவர் இதே காம்யூதான். செய்தியாளராய் அவர் கேட்ட வினாவைப் புதினத்தில் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்து, உடனே அடைத்தும்விட்டார். யார் எந்நிலையில் வாழ்ந்ததால் நோய் அவரை முதலிற் பற்றியது என்பதே அவ்வினா. அதை விட்டபின் கொள்ளைநோய் வானத்திலிருந்து எல்லார் தலையிலும் சமமாய் இறங்கிய விதியாகிவிடுகிறது.

நம் நாட்டில் நடந்தது வேறுவகை. இங்கே வினா கேட்கப்பட்டது. ஆனால் தவறான வினா. ‘நோயைக் கொண்டுவந்தவர் யார்?’ 2020 மார்ச்சில் டில்லி நிஜாமுத்தீனில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரிடையே தொற்று பரவியது பொய்யன்று. ஆனால் தமிழகத்தின் அன்றாட அறிவிப்புகளில் முதலில் மாநாட்டின் பெயரும், பின்னர் ‘சிங்கிள் சோர்ஸ்’ என்ற தொடரும் இடம்பெற்றன. பெயரை மறைத்த அத்தொடர் யாரைச் சுட்டியது என்பது எல்லாருக்கும் தெரியும். நம் தெருவில் பால் ஊற்றுபவர் ஏப்ரலில் வாசற்படி ஏறாமல், பாக்கெட்டை மதிற்சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார். அவரை நாம் நொந்துகொள்ளவில்லை. அவரும் தொலைக்காட்சி பார்ப்பவர்தாமே! வெளிநாட்டு ஜமாஅத்தினர்மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டு 21-ல் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டனர் எனக் கூறியது. தீர்ப்பு வந்த செய்தி நம் தெருவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

ரமளானின் முதல் வாரங்களில் கோயம்பேடு வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நமக்குக் கிழக்கே அச்சந்தை, மேற்கே திருமழிசை. ஊரடங்கிலும் ஊருக்குக் காய்கறி வேண்டுமே! மூட்டை தூக்குவோர் நெருக்கமாய் உழைத்து, அங்கேயே படுத்தெழுந்தனர். மே 5-ல் சந்தை மூடப்பட்டது. பிழைப்பற்றவர்கள் லாரியேறி அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று ஊர் திரும்ப, தொற்றும் உடன் சென்றது. பால்காரரின் மருமகன் அங்கே மூட்டை தூக்கியவர். இப்போது அவருடைய வீட்டைக் கண்டால் தெருவே ஒதுங்கியது.

நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர், அங்கிருந்து வெளியேறாதீர் என்னும் நபிமொழியை அந்நாட்களில் பலரும் எடுத்துரைத்தனர். அம்வாஸ் கொள்ளைநோயின்போது, கலீஃபா உமர் (ரலி) அழைத்தும் தம் படையினரை விட்டு வர மறுத்து, அங்கேயே உயிர்நீத்தார் தளபதி அபூஉபைதா (ரலி). தங்கியிருத்தல் என்பதற்கு அவர் கொடுத்த விலை அது. நம் காலத்திலோ, 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நள்ளிரவில் நாட்டைப் பூட்டினார்கள். வீடும் அரிசியும் உள்ளவர் தங்கினோம். கூலிக்காரர் நடந்தனர்.

அவ்வாண்டு ஜூலையில் மும்பையின் மூன்று வட்டாரங்களில் இரத்தம் எடுத்துச் சோதித்தனர். குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. மற்றப் பகுதிகளில் 16 பேருக்கு. ஒரே நகரம், ஒரே கிருமி. பத்துக் குடும்பத்திற்கு ஒரு கழிப்பறை என்றிருக்குமிடத்தில் ‘விலகியிரு’ என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. அந்த எண்களில் மதம் இல்லை, மாநாடு இல்லை, இருப்பிடம் இருக்கிறது. ராம்பேர் எழுதாது விட்ட கட்டுரை இத்தகையதே.

மே மாதம் சந்தை திருமழிசைக்கு மாறியது. மழை பெய்தபோது சேறு முழங்கால் வரை என்று வணிகர்கள் முறையிட்டனர். அது நாளேடுகளில் வந்தது. செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட மாதங்களில் மூட்டை தூக்கியோர் இரவில் எங்கே படுத்தார்கள் என்பதை, நாம் கண்ட அறிக்கை எதிலும் எவரும் எழுதவில்லை.