விருந்தாளியின் கண்

பிரயாண நூல்களை நான் விரும்பிப் படிப்பவன். ஆனால் ஏழை நாட்டுக்கு வந்து போகிறவர் எழுதிய புத்தகத்தைத் திறக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. 1927-ல் காதரின் மேயோ ‘மதர் இந்தியா’ எழுதினார். அதைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்றார் காந்திஜி. 1934-ல் பால் பிரண்டன், இந்தியாவில் ஞானிகளைத் தேடிய கதையை எழுதினார். திருச்சுழியில் பிறந்த ரமணரை மேல்நாட்டார் அறிந்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பங்கு உண்டு. ஒருவர் அழுக்கைத் தேடி வந்தார், மற்றவர் ஞானத்தை. இருவருக்கும் தேடியது கிடைத்தது. குறை அதுதான்.

1921 செப்டம்பரில் மதுரைக்கு ரயிலில் வந்த காந்திஜியும் விருந்தாளிதான். கதர் உடுத்துங்கள் என்றார். வாங்க வசதியில்லை என்று சக பிரயாணிகள் பதில் சொன்னார்கள். மதுரையில் அவர் உடையே மாறிவிட்டது. எழுதுகிறவரை அப்படி அசைத்த ஒரு பதிலாவது பிரயாண நூலில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதை வெள்ளைக்காரருக்கு மட்டும் சொல்லவில்லை. நம்மவர் பாலவனத்தம் போனால், 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரைப் புகழ்ந்து எழுதுவார்கள். புகழட்டும், தகும். ஆனால் ஜமீன் வருமானம் என்பது குடிகள் கட்டிய தீர்வை அல்லவா? வானம் பார்த்த கரிசலில் பாடுபட்டவர்களுக்கும் அந்தத் தமிழ்ப் பணியில் பங்கு உண்டு. ஜமீன் பெருமையை எழுதுகிறவர், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு எழுதட்டும். அவர் சொல்கிற பதில் கட்டுரையின் அழகைக் கெடுத்தாலும் பாதகமில்லை.